ஆற்றுக்குள்ளிருந்து ஒரு பெயர்

அன்று துறையில் இருந்தவர்கள் இன்னார்: அரிசிக்கடை முதலாளி, அவருடைய கடையில் எழுத்துவேலை பார்த்துக்கொண்டிருந்த நான், பன்வில பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்திலிருந்து உதவிக்கு வந்த ஆட்கள், அவர்களுடைய கங்காணி, ஒரு பெண்யானை, அதன் பாகன், கரையில் தனியாகக் குந்தியிருந்த ஒரு பெண், தண்ணீருக்குள் சுழியோடி. இல்லாதவன் ஒருவன்தான். அவன் பெயர் ஆரியா. இதில் வேறு யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. இந்த ஒரு பெயரை எழுதாமல் நடந்ததைச் சொல்ல வழியில்லை.

சுழியோடியின் மூக்குக் கவ்வி இப்போது என் மேசையில் இருக்கிறது. மாட்டுக் கொம்பைச் சீவி, நடுவில் பிளந்து செய்தது. கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தண்ணீரில் இறங்கும்போது மூக்கில் செருகிக்கொள்வார். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அதை எடுத்துப் பார்த்து, 'இது என்ன சேர்?' என்று கேட்டால், முத்துக் குளிக்கிறவர்களுடைய சாமான் என்று சொல்லி வாங்கி வைத்துவிடுவேன். அதில் இன்னும் ஆற்றுச் சேற்றின் மணம் இருப்பதாக எனக்குத் தோன்றும். எத்தனையோ தரம் கழுவியாயிற்று.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் பாலம் என்றால் கட்டுகஸ்தோட்டைப் பாலம்தான். அதைச் சுற்றிப் போனால் மாட்டுவண்டிக்குப் பெரும்பொழுது வீணாகும். ஆகையால் கீழே இருந்த துறையில் பாதை ஓடியது. இரண்டு தோணிகளைச் சேர்த்து நிறுத்தி, மேலே பலகை அடித்த மிதவையைத்தான் பாதை என்பார்கள். கரைக்குக் கரை கட்டியிருந்த தடித்த கயிற்றைப் பிடித்து இழுத்தே ஆரியா அதை அக்கரை சேர்ப்பான். தோட்டத்து அரிசி, தேயிலைப் பெட்டி, மாடு, மனிதர், எல்லாம் அவன் கையால்தான் ஆற்றைக் கடந்தன. நானும் தோட்டத்துக் குடியிருப்பான லயத்திலிருந்து கண்டிக்குப் படிக்கப் போன காலம் முழுவதும் அவன் இழுத்த பாதையில்தான் போய்வந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதன்பிறகு என் புத்தகப் பையை ஈரப் பலகையில் வைக்கவிட மாட்டான். தன் தோளில் மாட்டிக்கொள்வான்.

மத்தியானத்தில் பாகன் யானையைக் குளிப்பாட்ட அந்தத் துறைக்குத்தான் கொண்டுவருவான். வந்ததும் 'ஆரியா!' என்று அக்கரைக்குக் குரல் கொடுப்பான். ஆரியா கித்துள் கருப்பட்டித் துண்டோடு வருவான். நாளாக நாளாக அந்தப் பெயர் காதில் விழுந்தாலே யானை தண்ணீர்ப் பக்கம் திரும்பித் துதிக்கையை நீட்டத் தொடங்கிவிட்டது. 'இவளுக்குக் கருப்பட்டியின் பெயர் ஆரியா' என்று பாகன் சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பான்.

அந்த வருடத்து வெள்ளத்தில் பாதை நடு ஆற்றில் புரண்டது. அரிசி மூட்டைகளோடு ஆறு பேர் போனார்கள். ஆறு பேரும் எங்கள் தோட்டத்து ஆட்கள். கங்காணியின் தங்கச்சி மகளும் அதில் ஒருத்தி. தண்ணீர் வடிய வடிய ஆறு பேரையும் கீழே ஒவ்வொரு வளைவில் கண்டெடுத்தோம். ஆரியா மட்டும் அகப்படவில்லை. அப்போதுதான் அந்தப் பேச்சுக் கிளம்பியது. பாதை சரிந்ததும் ஆட்களை விட்டுவிட்டு அவன் நீந்தித் தப்பிவிட்டானாம், பொலிசுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறானாம். ஒருவன் அவனை மாத்தளைக் கடைத்தெருவில் பார்த்தேன் என்றான். இன்னொருவன் குருநாகல் என்றான். பார்த்தவர்கள் கூடக் கூட அவன் உடுத்தியிருந்த சாரத்தின் நிறமும் மாறிக்கொண்டே போனது.

அவன் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அதே ஊரில் இருந்தாள். இரவில் அவள் கூரையில் கல் விழுந்தது. ஊர்க் கிணற்றில் அவள் வாளியைக் கண்டால் மற்றப் பெண்கள் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். காலையில் கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் துறைக்கு வந்து குந்துவாள். பொழுது சாயும்போது போவாள். புருஷன் உயிரோடு வரவேண்டும் என்று அவள் நேர்ந்துகொண்டதாக எல்லோரும் நினைத்தார்கள். ஒருநாள் அவளே என்னிடம் சிங்களத்தில் சொன்னாள்: 'அவர் அடியில்தான் இருக்கிறார் தம்பி. அது ஒன்று தெரிந்தால் போதும், நான் எழுந்து போய்விடுவேன்.' செத்தான் என்பதற்காகக் காத்திருக்கும் பெண்ணை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

மூழ்கிய பாதை துறைக்கு நேர் நடுவில், கயிறும் சுற்றிக்கொண்டு கிடந்ததால் வேறு பாதை ஓட்ட முடியவில்லை. அதை எடுத்து அப்புறப்படுத்தும் வேலையை முதலாளியே ஏற்றார். அவருடைய அரிசியும் அதில் போயிருந்தது. சுழியோடியைக் கொழும்பிலிருந்து வரவழைத்தவரும் அவர்தான். சுழியோடி மன்னார்ப் பக்கத்து முஸ்லிம். முத்துக் குளித்துப் பழகியவர். கொழும்புத் துறைமுகத்துக்குள்ளேயே ஒரு கப்பல் தீப்பிடித்து, அடுத்ததற்கும் தாவி, இரண்டும் கட்டிய இடத்திலேயே மூழ்கி வழியை அடைத்துக் கிடந்தபோது, அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தவர்களில் அவரும் ஒருவர். அங்கே செப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு, மேலிருந்து குழாயில் காற்று அடிக்க, மணிக்கணக்கில் அடியில் நிற்பாராம். இங்கே அதெல்லாம் இல்லை. ஒரு கல், ஒரு கயிறு, இந்தக் கவ்வி.

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. தலைக்கு எண்ணெய் பூசிப் படிய வாரி, பட்டுக்கரைச் சாரம் கட்டி, மாப்பிள்ளை மாதிரித்தான் துறைக்கு வருவார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் அவரை நாங்கள் 'நானா' என்போம். கங்காணி அவரை விட்டுவைக்க மாட்டார்.

"என்னா நானா, மீனுக்குப் பொண்ணு பாக்கவா போறீங்க?"

"ஓம் கங்காணியார். அதுகளுக்கும் கண் இருக்குத்தானே. நீங்க கொழுந்து கிள்ளுங்க, நான் கப்பல் கிள்ளுறன். ஆர் வடிவெண்டு பிறகு பாப்பம்."

முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு, "கதைச்சிட்டே ஈக்காதீங்க ரெண்டு பேரும், மேக்கால மழ கறுக்குது" என்பார்.

ஆனால் முதல்நாள் ஆற்றில் இறங்கி ஏறியதும் சுழியோடியின் முகம் வேறாக இருந்தது. "கடல்ல உப்பு ஆளத் தாங்கும் தம்பி. இந்தத் தண்ணி தாங்காது. இதுக்குள்ள எலும்பு கிடக்கு" என்றார். குளிரைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதானாம். எல்லாம் தேநீர் நிறம். கையால்தான் பார்க்க வேண்டுமாம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மூழ்கிய எதையும் கட்டுவதற்கு முன் அதன் பலகையில் விரல் மடக்கித் தட்டுவார். அந்நிய வீட்டுக்குள் போகிறவன் கதவைத் தட்டுவது மாதிரி. தட்டிவிட்டு மனதுக்குள் 'ஆரு உள்ளுக்க?' என்று கேட்பாராம். துறைமுகத்துக் கப்பலின் கீழ் அறை ஒன்றில், தட்டாமல் கதவை இழுத்த அவருடைய கூட்டாளிக்கு முன்னால், உள்ளே மாட்டிச் செத்தவர்கள் நின்றபடியே மிதந்து வந்தார்களாம். அன்றிலிருந்து கூட்டாளி கடலை விட்டான். இவர் தட்டப் பழகினார். "கேட்டுட்டுப் போனா அதுகளுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை." நான் படித்தவன் என்ற நினைப்பில் உள்ளுக்குள் சிரித்தேன். துறையில் வேலை தொடங்கியபிறகு அந்தச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை.

வேலை இப்படி நடந்தது. சுழியோடி அடியில் போய்ப் பாதையின் தோணியில் வடத்தைக் கட்டுவார். வடத்தின் மறுமுனை யானையின் மார்புப் பட்டையில் இருக்கும். அவருடைய இடுப்பிலிருந்து ஒரு மெல்லிய கயிறு என் கைக்கு வரும். ஒருமுறை சுண்டினால் இழு. இருமுறை சுண்டினால் நிறுத்து. அதை நான் சிங்களத்தில் பாகனுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்கள் பாதை நகர நகர உருளைக் கட்டைகளைக் கீழே கொடுப்பார்கள். எல்லோரும் சேர்ந்து நின்றும் அங்கே ஒரு சொல் மட்டும் பேசப்படவில்லை. அக்கரை இக்கரை இரண்டிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்ணீரில் போய் இன்னும் அகப்படாதவனின் பெயரைத் தண்ணீர் ஓரத்தில் சொல்லக்கூடாது. சொன்னால் அவன் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து வருவான். ஆகவே கங்காணி திட்டும்போதும் 'அந்தப் பாதைக்காரன்' என்றுதான் திட்டினார். பாகனும் யானையைக் குளிப்பாட்டும்போது வாயைத் திறக்கவில்லை. சுழியோடி அங்கே இருந்த நாளெல்லாம் ஆரியா என்ற பெயர் அவர் காதில் விழவே இல்லை.

அன்று காலை அவர் முதல் முழுக்குப் போட்டு வந்து, கரையில் கையூன்றி, மூக்குக் கவ்வியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கரையில ஆரும் கட்டையில தட்டினவையளோ?"

"இல்ல நானா. எல்லாரும் சும்மாதான் நிக்கிறாங்க."

"நான் தட்டினன். பிறகு திருப்பித் தட்டிச்சு."

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மீன் சம்மதம் சொல்லிருச்சி நானா, தேதி வச்சிருவோம்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். சுழியோடியும் சிரித்தார். தளர்ந்த பலகை நீரோட்டத்தில் ஆடி இடித்திருக்கும் என்று நான் சொன்னேன். இருக்கும் என்றார் அவரும். கரையில் குந்தியிருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முழுக்கில் வடம் சரியாகப் பிடித்தது. கயிறு ஒருமுறை சுண்டியது. நான் சொல்ல, பாகன் சொல்ல, யானை முன்னங்காலை ஊன்றி இழுத்தது. சேறு கொப்புளித்தது. பாதையின் ஒரு பக்கம், பாசி படிந்த கறுப்பு முதுகாக, மெல்ல மெல்ல வெளியே எழுந்தது. அது எழுந்து எங்களுக்கும் சுழியோடிக்கும் நடுவில் மறைப்பாக நின்றது. அவர் அதற்கு அப்பால் தலையை வெளியே எடுத்திருக்கிறார் என்பது மூச்சு வாங்கும் சத்தத்தில் தெரிந்தது, ஆளைக் காணவில்லை. யானை இன்னும் ஓரடி வைத்தது.

அப்போது அந்த மறைப்புக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கத்தியது.

"ஆரியா!"

பாகனின் கையிலிருந்த அங்குசம் கீழே விழுந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. உருளைக் கட்டை பிடித்திருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். இருவர் மேட்டில் ஏறியே விட்டார்கள். கங்காணி இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். என் கையில் இருந்த கயிறு சும்மா தொங்கியது, சுண்டவில்லை. வடம் மட்டும் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. அதை நிறுத்தச் சொல்லவோ தளர்த்தச் சொல்லவோ அங்கே யாருக்கும் நா எழவில்லை.

பிறகு மறுபடியும் கேட்டது. முதலில் கேட்டது கத்தல். இது கத்தல் இல்லை. மெதுவாக, களைப்பாக, யாரென்று கேட்டவருக்குத் தன் பெயரைச் சொல்வதுபோல. ஆரியா. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. அந்தப் பெண் எழுந்தாள். 'எனவா, எனவா' என்று, வருகிறேன் வருகிறேன் என்று, சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்துவிட்டாள். முதலாளி குடையை எறிந்துவிட்டு ஓடிப்போய் அவளைப் பிடித்தார்.

பயப்படாமல் நின்றது யானை ஒன்றுதான். அது காதை விரித்தது. யாரும் சொல்லாமல், தன் பாட்டில், தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. இரண்டு எட்டு முன்னே வந்து, எழுந்து நின்ற அந்தக் கறுப்பு மரத்தை நோக்கித் துதிக்கையை நீட்டியது. கருப்பட்டிக்கு நீட்டுவது போல.

அது திரும்பியதில் வடம் தளர்ந்தது. பாதை ஒரு பெருமூச்சோடு மறுபக்கம் சாய்ந்து விழுந்தது. சுழியோடி, தண்ணீரைக் கக்கிக்கொண்டு, ஒரு கையை மற்றக் கையால் பிடித்தபடி மேலே வந்தார். பிடித்திருந்த கையைச் சுற்றித் தண்ணீர் சிவந்துகொண்டே போனது. அவருக்குப் பின்னால், பாதை புரண்ட இடத்திலிருந்து, ஆரியாவும் வந்தான்.

அவன் இருந்த நிலையை எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் எழுதவேண்டும். பாதை இழுக்கும் கயிறு அவன் முன்கையில் பல சுற்றுச் சுற்றியிருந்தது. நுனி மணிக்கட்டில் முடிச்சிட்டிருந்தது. வெள்ளத்தில் கை நழுவாதிருக்க அவனே கட்டிக்கொண்ட முடிச்சு. கங்காணி தண்ணீருக்குள் இறங்கிப் போய் அதைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் தடவினார். தலைப்பாகையைக் கழற்றினார்.

"ஓடணும்னு நெனைச்சவன் கையில முடிச்சுப் போட்டுக்குவானா?" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு தோட்டத்து ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "என்னாடா மரமாட்டம் நிக்கிறீங்க? வந்து தூக்குங்கடா!" என்று அதட்டினார். இத்தனை நாளும் யாரைத் திட்டினாரோ அவன் தலைமாட்டை அவர்தான் பிடித்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் சுழியோடியின் இடது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது தலைக்கு எண்ணெய் வைக்காமல் கிடந்தார். ஆளே சிறுத்துப் போயிருந்தார்.

"கை மாட்டுப்பட்டுப் போச்சு தம்பி. மற்றக் கையால மரத்தப் பிடிச்சிருந்தன், கயிறு சுண்ட ஏலாது. அதுதானே கத்தினன். ஏன் ஒருத்தரும் வடத்தத் தளர்த்தேல்ல?"

"நீங்க தளர்த்தச் சொல்லலியே நானா. அவன் பேரத்தானே சொல்லிக் கூப்பிட்டீங்க."

"ஆரின்ர பேர்?"

"பாதைக்காரன் பேரு. ஆரியா."

அவர்தான் பிறகு எனக்கு விளக்கினார். துறைமுகத்தில் சாமான் தூக்கும்போது தூக்கச் சொல்ல ஒரு சொல், தளர்த்தி இறக்கச் சொல்ல ஒரு சொல் உண்டாம். பறங்கியர் கப்பல்களிலிருந்து வந்து, தமிழன் சிங்களவன் மலாய்க்காரன் எல்லோர் வாயிலும் ஏறிவிட்ட சொற்கள். தளர்த்தச் சொல்லும் சொல், 'ஆரியா.' கொழும்பில் அதைக் கத்தினால் பத்துக் கைகள் ஒரே நேரத்தில் கயிற்றை விடுமாம். உயிர் போகிற நேரத்தில் அவர் வாயில் வந்தது அதுதான். எங்களுக்கு அது ஒரு மனிதன். அவருக்கு அது ஒரு கயிறு. யானைக்கோ அது கருப்பட்டி. அந்த மூன்றில் யானைக்கு விளங்கியதுதான் அவரைக் காப்பாற்றியது.

இதை நான் சொல்லிச் சிரிக்க முயன்றபோது அவர் சிரிக்கவில்லை. "எத்தின தரம் கேட்டனீங்க?" என்றார். மூன்று தரம் என்றேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நான் கத்தினது ஒருக்காத்தான் தம்பி. கத்தின கையோட மரம் என்னை அமத்திப் போட்டுது. பிறகு என்ர வாய்க்குள்ள ஆறு."

ஆரியாவின் மனைவி வந்ததும் அந்தச் சாயங்காலம்தான். கையில் இரண்டு செவ்விளநீர். கட்டிலருகே நின்று என்னிடம் கேட்டாள்: 'இவர் கூப்பிட்டது எத்தனை தரம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.' துறைமுகச் சொல்லைப் பற்றி அவளிடம் சொல்ல நான் வாயெடுத்தேன். சுழியோடி என் கையைத் தொட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். ஒரு தரம்தானாம் என்று சொன்னேன். அவள் விரல்களில் எண்ணிப் பார்ப்பதுபோல் இருந்தது. தலையை ஆட்டினாள். இளநீரைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அதன்பின் அவளைத் துறையில் யாரும் பார்க்கவில்லை. சொன்னபடி எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரம் ஊர்க் கிணற்றில் அவளுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் பெண்கள் போட்டி போட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஆற்றின் இருபுறமும் மலை. எதிரொலியாகத்தான் இருக்கும் என்று நான் தீர்மானித்தேன். அதைச் சோதிக்க ஒரு பட்டப்பகலில் தனியாகத் துறைக்குப் போய், அதே இடத்தில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குரல் ஆற்றின் மேல் போனது. போனதுதான். திரும்பி எதுவும் வரவில்லை. மறுபடி கத்தவேண்டும் என்றுதான் நின்றேன். வேறு ஏதாவது பதில் வந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

சுழியோடி கடலுக்குத் திரும்பவில்லை. ஆற்றுச் சத்தம் காதில் விழாத இடம் வேண்டும் என்று தேடி, பிலிமத்தலாவையில் கொழும்பு ரோட்டோரம் முதலாளி பிடித்துக்கொடுத்த தேநீர்க் கடையில் இருக்கிறார். தலைக்கு மறுபடி எண்ணெய் வைக்கிறார். போன மாதம் நான் போயிருந்தபோது லொறியிலிருந்து சீனி மூட்டையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை பாதியில் சிக்கிக் கடைப் பையனின் தலைக்கு மேல் ஆடியது. கயிறு பிடித்திருந்தவன் இவர் முகத்தைப் பார்த்தான். இவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. இரண்டு விரல் மிஞ்சிய கையைத்தான் காற்றில் மெல்லக் கீழே தாழ்த்திக் காட்டினார். மூட்டை இறங்கியது.

நான் புறப்படும்போது கழுத்திலிருந்து கவ்வியைக் கழற்றி, இனி இது உனக்கு என்று கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒருநாள் அதை மூக்கில் செருகிப் பார்த்தேன். அடைத்த மூக்கோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலை மடக்கி மேசைப் பலகையில் ஒருமுறை தட்டினேன். யார் என்று கேட்க மனம் வரவில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

துறையில் இப்போது புதிய பாதை ஓடுகிறது. பிள்ளைகள் அதில் ஏறி இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பழைய பாதைக்காக நாங்கள் கொடுத்ததைக் கூட்டினால் இவ்வளவு: ஏழு உயிர், மூன்று விரல், ஒரு சொல்.